நான் அமுக்காத பொத்தான்

இலுப்பூர் கடைத்தெருவில் எனக்கு ஒரு தவிடு, புண்ணாக்குக் கடை இருக்கிறது. படிப்பு பத்தாம் வகுப்போடு சரி, கணக்கில் தவறிவிட்டேன். ஆனால் காலையில் குளித்து நெற்றி நிறையத் திருநீறு பூசி, சாமிக்குச் சூடம் காட்டாமல் கடைச் சாவியைத் தொட்டதில்லை. செவ்வாய், வெள்ளி கவிச்சி கிடையாது. ஊரில் என்னைப் பக்திமான் என்பார்கள். அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொள்ள நான் செய்த ஒரு காரியத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதும்போதே கை கூசுகிறது.

விஷயம் போனில் ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றியது. இதற்குப் போயா இப்படி என்று யாரும் கேட்கலாம். ஆடியவர்களுக்குத்தான் தெரியும்.

என் தம்பி பதினோரு வருஷமாக வளைகுடாவில் ஏசி ரிப்பேர் வேலை பார்க்கிறான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவில் வருவான். அவன் மனைவியும் மகளும் எங்கள் வீட்டை ஒட்டிய வீட்டில் இருக்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எனக்குப் பிள்ளை இல்லை. அதனால் அந்தப் பெண் இரண்டு வீட்டுக்கும் மகள்.

அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது லீவில் வந்த தம்பி, அவளுடைய அம்மா போனிலும் என் போனிலும் அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான்.

"இதுல வீடு கட்டலாம்ணே. மாடு, கோழி வளக்கலாம். ஒங்களுக்குத் தெரிஞ்ச வேலைதான்."

"தெரிஞ்ச வேலையைத்தானடா நாள் முழுக்கப் பாக்குறேன். இதுல வேறயா?"

"இதுல மாடு முட்டாதுண்ணே."

அப்படித்தான் ஆரம்பித்தது. அதில் பலபேர் சேர்ந்தால் ஒரு ஊர் உண்டாக்கலாம். ஊர் உண்டாக்க ஒரு தலைவர் வேண்டும். நிலம் பிடித்தது, வாய்க்கால் வெட்டியது, ஆள் சேர்த்தது எல்லாம் தம்பி. அவன் ரூமில் தங்கியிருந்தவர்கள், எங்கள் ஒன்றுவிட்ட சொந்தங்கள், தூத்துக்குடிக்காரர் ஒருவர், மலேசியாவில் ஒரு குடும்பம் என்று இருபத்திரண்டு வீடு சேர்ந்துவிட்டது. தலைவர் யார் என்று விளையாட்டு கேட்டபோது அவன் என் பேரைப் போட்டுவிட்டான்.

"எனக்கு ஒரு எழவும் தெரியாதேடா."

"தெரிய வேணாம்ணே. மூத்தவுக நீங்க இருக்கும்போது நான் எப்படித் தலைவர்னு நிக்கிறது? பேரு ஒங்களது. வேலை நான் பாத்துக்குறேன்."

எங்கள் பக்கம் அப்படித்தான். கல்யாணப் பத்திரிகை ஆனாலும் கோவில் தாம்பாளம் ஆனாலும் மூத்தவன் கைக்குத்தான் முதலில் வரும். அவனுக்கு எதுவும் தெரியாவிட்டாலும் வரும். இரண்டு மூன்று தடவை நானே தலைவர் பதவியை அவனுக்கு மாற்றுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். "விடுங்கண்ணே, நல்லா இருக்காது" என்பான். அந்த மரியாதையே பின்னால் அவனைக் கவிழ்த்தது.

நான் அதில் மாடு, கோழிக்குத் தீவனம் போட்டதோடு சரி. தம்பியும் மகளும்தான் அதில் வாழ்ந்தார்கள். அவனுக்கு ஷிப்ட் முடியும் நேரமும் இவள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரமும் ஒத்துப் போகும். போனில் கூப்பிட்டுப் பேசினால் "சாப்பிட்டியா, படிச்சியா, அம்மாகிட்ட குடு" என்பதற்கு மேல் அவனுக்கு வார்த்தை வராது. விளையாட்டில் அப்படி இல்லை. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வீடு கட்டினார்கள். படிக்கட்டில் எத்தனை படி என்று ஒரு வாரம் சண்டை. கிணறு தென்கிழக்கில் கூடாது என்று இவன், எனக்கு அங்கிட்டுத்தான் வேணும் என்று அவள். ஊருக்குப் பொதுவாக ஒரு பலகை உண்டு. அதில் எழுதினால் அழியாது. அவள் ரெண்டாம் வகுப்பில் எழுதிய "அப்பா கோலி முட்ட போட்டுச்சு" முதல், பதினொன்றாம் வகுப்பில் எழுதிய வேதியியல் மார்க் வரை எல்லாம் அதில் கிடந்தது.

அவள் பெரியமனுஷியானபோது தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. தாய்மாமன் சீர், சடங்கு எல்லாம் இங்கே நடந்தது. அவன் போன் பண்ணினான். மகளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் என்னிடமே பத்து நிமிஷம் மழை பெய்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் விளையாட்டைத் திறந்தால் அவர்கள் வீட்டுக்கு மட்டுமில்லை, ஊரின் இருபத்திரண்டு வீட்டுக்கும் சீரியல் லைட் போட்டிருந்தான். பலகையில் ஒன்றும் எழுதவில்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

இப்போது கம்பெனி விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்த விளையாட்டை உண்டாக்கியது ஏதோ ஒரு நாட்டில் உள்ள சின்னக் கம்பெனி. ஏழாவது வருஷம் ஒரு அறிவிப்பு வந்தது. பெரிய கம்பெனி ஒன்றோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறோம், இனி உங்கள் நாடுகளில் அவர்கள்தான் இதை வெளியிட்டு நடத்துவார்கள் என்று. தம்பி மொழிபெயர்த்துச் சொன்னான். எனக்கு இது புரிந்தது மாட்டுத்தீவன மூட்டையை வைத்துத்தான். தீவனம் அரைப்பது ஒருவன், நம் கடைக்குக் கொண்டுவந்து விற்பது ஒரு ஏஜென்சி. ஏஜென்சி மாறினால் உள்ளே இருப்பது அதே தீவனம்தான். ஆனால் சாக்கில் முத்திரை மாறும், கூப்பன் மாறும், பழைய ஏஜென்சி சொன்ன பேச்சு செல்லாது என்பார்கள்.

முதலில் நன்மைதான். பொத்தான், அறிவிப்பு எல்லாம் தமிழில் வந்தது. ஆட்டம் திக்காமல் ஓடியது. பொங்கலுக்குப் பானை கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக மாறியது. விதைக்கு விளம்பரம் பார்க்க வேண்டியிருந்தது. தினமும் திறந்தவுடன் வரிசையாகக் கட்டங்கள் வரும். வந்த நாளுக்கெல்லாம் பள்ளிக்கூட வருகைப் பதிவு மாதிரி ஒரு டிக். தொடர்ந்து வந்தால் பரிசு. ஒருநாள் விட்டால் முதலில் இருந்து. தூத்துக்குடிக்காரர் பலகையில் எழுதினார்: "இஸ்கூலுக்கே இப்படிப் போகலையேப்பா."

ஒன்பதாம் வருஷம் இரண்டாம் பாகம் வருகிறது என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்தே ஊர் களையிழந்துவிட்டது. பழைய பாகத்துக்குப் புதுசாக எதுவும் வராது என்று தெரிந்தபின் யார் தோட்டம் போடுவார்கள்? மலேசியாக் குடும்பம் வருவது நின்றது. பிறகு தம்பி முழு விவரம் சொன்னான். இரண்டு கம்பெனிக்கும் இனி இரண்டாம் பாகத்துக்கு மட்டும்தான் ஒப்பந்தம். பழையதை மூடப் போகிறார்கள். அவரவர் மாடு, கருவி, தானியத்தை அவரவரே பிறகு எப்போது வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். ஆனால் வீடு, பலகை, வாய்க்கால் எல்லாம் ஊர் நிலத்தில் இருப்பது. அதைப் புது இடத்துக்குத் தூக்கிப்போக ஊர்த் தலைவர் ஒருதடவை சம்மதம் என்று அமுக்க வேண்டும். பன்னிரண்டு நாள் அவகாசம் கொடுப்பார்கள். அமுக்காத ஊர் அழிந்துபோகும்.

"தேதி இன்னும் சொல்லலண்ணே. அறிவிப்பு வந்ததும் சொல்றேன். ஒரே ஒரு அமுக்கு. அவ்வளவுதான்."

"இதுகூட மாட்டேனாடா" என்றேன்.

இது நடந்து நாலாம் நாள் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்குக் கூட்டம் போட்டார்கள். காப்புக் கட்டினால் பதினைந்தாம் நாள் தேர். மண்டகப்படி யார் யாருக்கு என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது நான் துண்டுக்குள் போனை வைத்துக் கோழிக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தேன். சித்தப்பா மகன், என்னைவிட இளையவன், அதைப் பார்த்துவிட்டான்.

"அண்ணே, ஆத்தாளுக்கு அபிஷேகம் எத்தனை மணிக்குன்னு கேட்டா ஒங்களுக்குத் தெரியாது. ஒங்க கோழி எத்தனை மணிக்கு முட்டை போடும்னு கேட்டா டக்குனு சொல்லுவீக."

கூட்டமே சிரித்தது. பூசாரியும் சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது. எழுந்து சன்னிதி முன்னால் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "காப்புக் கட்டினதுலேருந்து தேரு நெலைக்கு வர்ற வரைக்கும் இந்தப் போனைக் கையால தொடமாட்டேன். இது ஆத்தா மேல ஆணை" என்று சொல்லிவிட்டேன். தம்பி சொன்ன அவகாசம் அப்போது நினைவுக்கு வந்ததா என்றால், வந்தது. வந்தும் சொன்னேன்.

தம்பியிடம் போனில் சொன்னேன். "ஆத்தா காரியம்ணே. நீங்க செய்யுங்க. தேதி தள்ளி வரும், பாத்துக்கலாம்" என்றான்.

தேதி தள்ளி வரவில்லை. கையில் மஞ்சள் கயிறு கட்டிய மறுநாளே அவகாசம் தொடங்கியது. பதிமூன்றாம் நாள் மாலை மூன்றரை மணியோடு முடிவு. தேருக்கு இரண்டு நாள் முன்னால்.

போனை அணைத்துப் பூசை அலமாரியில் அம்மன் படத்துக்குக் கீழே வைத்திருந்தேன். கடைக்குப் பொத்தான் போன் போதும். என் மனைவி காலையில் விளக்கேற்றும்போது அலமாரியில் இருக்கிற எல்லாவற்றுக்கும் திருநீறு, குங்குமம் வைப்பாள். போனுக்கும் வைத்தாள். அதன் கண்ணாடியில் மூன்று கோடு திருநீறும் நடுவில் ஒரு பொட்டும் இருக்கும். வந்தவர்கள் எல்லாம் அதைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள் என்றால் சிரிக்கலாம். உண்மை.

காப்புக் கட்டினவர்கள் மத்தியானமும் குளித்துச் சாமி கும்பிட வேண்டும் என்பதால் பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை என் மனைவி கடையில் இருப்பாள், நான் வீட்டில் தனியாக இருப்பேன். நாலாம் நாள் மத்தியானம் ஈர வேட்டியோடு அந்த அலமாரி முன்னால் நின்றேன். கோழிக்கு மூன்று நாளாகத் தீவனம் இல்லையே என்று தோன்றியது. பொம்மைக் கோழி. செத்தும் போகாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் கை போய்விட்டது. திருநீற்றைத் துடைத்துப் போனைத் திறந்தேன். நான் உள்ளே வந்தது மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்க அதில் ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுக்கொண்டேன். தீவனம் போட்டேன். அணைத்தேன். கிண்ணத்திலிருந்து திருநீறு எடுத்து, என் மனைவி விரல் இழுத்த மாதிரியே மூன்று கோடு இழுத்து, குங்குமமும் வைத்து, படத்துக்குக் கீழே வைத்தேன். அப்புறம் ஆத்தாளுக்குச் சூடம் காட்டினேன்.

மறுநாளும் செய்தேன். அதற்கு மறுநாளும். ஆறாம் நாள் சார்ஜ் தீர்ந்தபோது அலமாரிக்குப் பக்கத்துப் பிளக்கிலேயே போட்டு ஏற்றினேன்.

போனைத் திறந்த முதல் நாளே அவகாச அறிவிப்பைப் பார்த்துவிட்டேன். பச்சை நிறத்தில் ஒரு பொத்தான். "ஊரை இடம்பெயர்க்கச் சம்மதம்." தொட்டால் முடிந்தது. ஆனால் தொட்டால் பலகையில் விழும், தலைவர் இன்ன நாள், இன்ன நேரத்தில் சம்மதித்தார் என்று. இருபத்திரண்டு வீட்டுக்கும் தெரியும். அதில் நாலு வீடு எங்கள் சொந்தக்காரர்கள். அவர்களில் ஒருவன் சித்தப்பா மகன். தொடாமல் மூடினேன். இன்னும் நாள் இருக்கிறதே என்று நினைத்தேன்.

தம்பி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் மனைவிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான். அவள் என் மனைவியிடம் போட்டுக் காட்டியபோது நானும் கேட்டேன். "அண்ணன் விரதத்துல இருக்காக. இதைச் சொல்லி அவுக மனசைக் கலைக்காதீங்க. நான் கம்பெனிக்கு எழுதியிருக்கேன்." அவன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், எங்கள் தலைவர் கோவில் நோன்பில் இருக்கிறார், மூன்று நாள் நீட்டித்துக் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறான். சின்னக் கம்பெனி, இது வெளியிடுகிறவர்கள் கையில் என்றது. வெளியிடுகிற கம்பெனி, உங்கள் கருத்துக்கு நன்றி என்றது. தலைவர் முப்பது நாள் வராமல் இருந்தால் அடுத்தவர் பொறுப்பேற்கலாமாம். அவகாசமே பன்னிரண்டு நாள்.

பதினோராம் நாள் சாயங்காலம் மகள் வந்தாள். என் மனைவியைத் துணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பெரியப்பா, நீங்க தொட வேணாம். போனை நான் எடுக்குறேன். நானே அமுக்கிட்டு அப்படியே வச்சிர்றேன். நீங்க கண்ணால பாக்கக்கூட வேணாம்."

"ஏங்க, புள்ள கேக்குதுல்ல" என்றாள் என் மனைவி. "நீங்க தொட்டாத்தான குத்தம். ஆத்தா என்ன கொடுமைக்காரியா? ஒரு எலுமிச்சம்பழ மாலை சாத்திட்டாப் போச்சு."

எவ்வளவு நியாயமான வழி. ஆனால் அவள் போனைத் திறந்தால் முதலில் வருவது அந்தக் கட்டங்கள்தான். வரிசையாக எட்டு டிக். நான் தொடவே இல்லை என்ற போனில் எட்டு நாள் வருகை.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். "சாமிகிட்ட வச்ச பொருளை எடுக்குறது தப்புத்தா. வாக்குன்னா வாக்குதான். ஒரு வெளையாட்டுக்காக ஆத்தாகிட்ட பேரம் பேசக்கூடாது."

இதைச் சொன்ன வாயை நான் என்ன செய்வது? அவள் தலையை ஆட்டினாள். "சரி பெரியப்பா" என்றாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். காப்புக் கட்டியவன் காலைத் தொட்டால் நல்லது என்று எங்கள் பக்கம் ஒரு நினைப்பு.

பதிமூன்றாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்குத் திறந்தேன். கோழியைப் பார்க்கத் தோன்றவில்லை. ஆட்டத்துக்குள்ளேயே தம்பி வீட்டுப் பக்கம் போனேன். வாசலில் அப்பனும் மகளும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அவள் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் வீட்டு ஃபேன் கடகடப்பது எனக்குக் கேட்கிறது. அவன் கடல் தாண்டி எங்கேயோ ஒரு மொட்டைமாடியில் வேலைக்கு நடுவே நிற்கிறான். இருவரும் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாத்தையும் போட்டோ புடிச்சிட்டியா?"

"புடிச்சிட்டேன்ப்பா. பலகைதான் ரொம்ப நீளம். பாதி வரைக்கும்தான் ஆச்சு."

"விடு. பெரியப்பா வாக்கைக் காப்பாத்தட்டும். நாம வேற வீடு கட்டிக்கலாம்."

"ம்."

"கெணறு நீ சொன்ன எடத்துலயே வச்சுக்கலாம்."

சுவருக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஃபேன் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

பச்சைப் பொத்தான் என் கட்டைவிரலுக்கு நேர் கீழே இருந்தது. அமுக்கிவிட்டு, பிள்ளை அழுததைத் தாங்க முடியாமல் இப்போதுதான் முதல் தடவையாகத் தொட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பொய்யோடு பொய்யாகப் போயிருக்கும். அதுகூடத் தோன்றியது. ஆனால் இரண்டு நாளில் தேர். விரதம் முறிந்தவன் என்று சித்தப்பா மகன் சிரிப்பான். பூசாரி வருகிறவர்களிடமெல்லாம் என் விரதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. இதுதான் காரணம். வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

மூன்றரைக்குப் பொத்தான் சாம்பல் நிறமானது. நான் போனை அணைத்து, மூன்று கோடு இழுத்து, பொட்டு வைத்தேன்.

தேர் நிலைக்கு வந்ததும் பூசாரி முதல் திருநீற்றை என் கையில் கொடுத்தார். "இந்தக் காலத்துல போனை விட்டுட்டு இருக்குறது சாமானியமா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். சித்தப்பா மகன் வந்து, "அண்ணே, அன்னைக்குக் கேலி பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீக" என்றான். அவன் பேசியது கேலிதான், பொய்யில்லை. அவனையும் மன்னித்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் தம்பி கூப்பிட்டான். மூன்று மாதமாக இழுத்துக்கொண்டிருந்த விசா புதுப்பித்து வந்துவிட்டதாம்.

"நீங்க இருந்த விரதம்தாண்ணே. வேற ஒண்ணுமில்ல. ரூம்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

"சாப்பிட்டியாடா" என்று கேட்டேன். எனக்கும் அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

இரண்டாம் பாகம் நன்றாகத்தான் இருந்தது என்றார்கள். பெரிய நிலம், கடல், மலை எல்லாம் உண்டாம். ஆனால் ஊரோடு போகாதவர்களுக்குக் கம்பெனி அதன் இஷ்டத்துக்கு இடம் ஒதுக்கியது. தம்பிக்கு ஒரு மலையடிவாரம், மகளுக்கு எங்கேயோ கடற்கரை. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக வழி சேர வேண்டும், அதற்கு மாசக்கணக்கில் ஆட வேண்டும். தம்பி பத்து நாள் ஆடிப் பார்த்தான். வேலை அதிகம் என்று விட்டுவிட்டான். அவள் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் போன் வரும். "சாப்பிட்டியா, படிச்சியா, அம்மாகிட்ட குடு." சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். ஒரு நிமிஷம்கூட ஆகாது.

நானும் ஒருநாள் உள்ளே போய்ப் பார்த்தேன். என் புது வீட்டுக் கூரைமேல் ஒரு கொடி பறந்தது. பழைய ஆட்டத்தின் கடைசிப் பத்து நாளும் தவறாமல் வந்தவர்களுக்குக் கம்பெனி கொடுத்த கௌரவமாம். கீழே அப்படியே எழுதியும் வைத்திருந்தார்கள். அதை இறக்க என்னென்னவோ அமுக்கிப் பார்த்தேன். இறங்கவில்லை. அதோடு அந்தப் பக்கமே போகவில்லை. எல்லாரும் ஆளுக்கொரு திசையில் சிதறிக் கிடக்கிறார்கள், என் வீட்டைத் தேடி யார் வரப்போகிறார்கள் என்று தைரியமாக இருந்தேன். "பெரியப்பா அந்த வெளையாட்டையே விட்டுட்டாக" என்று என் மனைவி மகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு வருஷம் போய்விட்டது. இந்த வருஷமும் காப்புக் கட்ட நாள் குறித்தார்கள். காப்புக்கு முந்தின நாள் நான் கடையில் மூட்டைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தேன். பரீட்சை முடிந்து வீட்டில் இருந்த மகள், சாப்பாட்டுத் தூக்குவாளியோடு வந்தாள். அதை மேசையில் வைத்துவிட்டுக் கை நீட்டினாள்.

"பெரியப்பா, இந்த வருசம் போனை என்கிட்ட குடுத்துருங்க. நான் வச்சிருக்கேன்."

குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. சின்னப் பிள்ளையிடம் கத்தரிக்கோலை வாங்கி வைப்பது மாதிரி இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டேன்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"போன வருசமே. புது ஆட்டத்துல போக முடியாட்டியும் பேரைப் போட்டா வீட்டைப் பாக்கலாம், மொதல்ல ஒங்க வீட்டைத்தான் தேடினேன். பக்கத்துல எடம் கெடைக்குமான்னு பாக்க."

"அப்பாவுக்கு?"

"சொல்லல. நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

ஒரு வருஷம் இருந்திருக்கிறாள். அந்த ஒரு வருஷமும் காலையில் எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். நான் போனைக் கொடுத்தேன். அவள் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "சாம்பார்ல உப்புக் கம்மியா இருக்கும், அம்மா சொல்லச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தூக்குவாளியைத் திறக்கவில்லை. பொத்தான் போனில் தம்பியைக் கூப்பிட்டேன். வேலை நேரத்தில் நான் கூப்பிட்டதே இல்லை என்பதால் பதறிப்போய் எடுத்தான். எல்லாவற்றையும் சொன்னேன். திருநீறு இழுத்ததைச் சொன்னேன். அவர்கள் வாசலில் நின்று எழுதியதை நான் படித்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை "டேய்" என்றேன். "இருக்கேண்ணே" என்றான்.

முடித்தபின் கேட்டான். "அப்ப விசா எப்படிண்ணே வந்துச்சு?"

அவன் வீட்டைப் பற்றிக் கேட்பான், மகளைப் பற்றிக் கேட்பான் என்று நினைத்திருந்தேன். அவன் இதைக் கேட்டான். என் விரதத்தின் மேல் அவன் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்திருக்கிறான்.

"ஆத்தா என்னையப் பாத்துக் குடுக்கலடா. ஒன்னையப் பாத்துத்தான் குடுத்திருப்பா."

"பெறகு பேசுறேண்ணே" என்று வைத்துவிட்டான்.

காப்புக் கட்டினார்கள். நான் கையை நீட்டவில்லை. பூசாரியைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, "ஆத்தாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார். "அவளுக்கு அன்னைக்கே தெரியுமே" என்றேன். "தெரிஞ்சாலும் நீங்க சொல்லணும்ல" என்றார். சன்னிதிக்குப் போய் நின்றேன். போன வருஷம் எல்லாருக்கும் கேட்கக் கத்திய அதே இடத்தில் நின்று வாய்க்குள்ளேயே சொன்னேன். என் மனைவியிடம் அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். அவள் எழுந்துபோய் அலமாரிக் கதவைச் சாத்தினாள். மறுநாளிலிருந்து திருநீற்றுக் கிண்ணத்தை அவளே எடுத்து, அவளே உள்ளே வைக்கிறாள்.

அந்தப் பதினைந்து நாளும் தம்பி என்னிடம் பேசவில்லை. மகளிடம் பேசினான். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாகவே கேட்டது. என்ன பேசினார்கள் என்று காது கொடுக்காமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். இனி அதையும் ஒட்டுக்கேட்க வேண்டாம் என்றுதான்.

தேரன்று நான் வடம் பிடிக்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தேர் நிலைக்கு வந்து வேட்டுப் போட்ட நேரம், மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கம் வந்தாள். கையில் அவள் போன்.

"அப்பா லைன்ல இருக்காரு. ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு."

மோர் படிந்த கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினேன். மேளச் சத்தத்தில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"தேரு நெலைக்கு வந்துருச்சாண்ணே?"

"வந்துருச்சுடா."

"நல்லபடியா வந்துச்சா?"

"நல்லபடியா வந்துச்சு."

"சரிண்ணே" என்றான். இன்னும் ஏதோ சொல்லப் போகிறவன் போல மூச்சு விட்டான். பிறகு, "புள்ளகிட்ட குடுங்க" என்றான்.

கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, பந்தலுக்கு அந்தப் பக்கம், சத்தம் குறைவாக இருக்கிற இடமாகப் பார்த்து நடந்தாள். வரிசையில் அடுத்து நின்ற அம்மா டம்ளரை நீட்டியது. நான் மோரை ஊற்றினேன்.